கலப்பைச் சந்தில் ஒரு சனிக்கிழமை

'விம்பிள்டன்' என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். பச்சைப் பசேல் என்று புல்தரை, வெள்ளை வெளேர் என்று உடுப்பு, டென்னிஸ் பந்து. நம் ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் அங்கே அரை இறுதி ஆட்டம் வரை முன்னேறிய பெருமை. ஊரிலிருந்து லண்டனுக்கு வருகிற உறவினர்கள் எங்கள் வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும், "விம்பிள்டன் பக்கத்தில்தானே இருக்கிறாய்? ஒரு நடை காட்டிவிடேன்" என்பார்கள். நானும் அழைத்துக்கொண்டு போய், வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுப்பேன்.

ஆனால் டென்னிஸ் என்பது வருஷத்தில் பதினாலு நாள் திருவிழா. கொடி இறங்கியதும் கூட்டம் கலைந்துவிடும். மற்ற நாட்களில் இந்த ஊர்க்காரர்களின் சுக துக்கமும் கோப தாபமும் வேறோர் இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் 'பிளௌ லேன்'. தமிழில் சொன்னால் கலப்பைச் சந்து. கலப்பையும் கிடையாது, உழவும் கிடையாது. பக்கத்தில் வாண்டில் என்று ஒரு சின்ன ஆறு; சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள்; நடுவே ஒரு கால்பந்து மைதானம். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும்.

அங்கே ஆடும் குழுவுக்கு ஏ.எப்.சி. விம்பிள்டன் என்று பெயர். நான் அந்தக் குழுவின் கட்சி. நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்திரீ, நீலமும் மஞ்சளுமாய் மப்ளர் கட்டிக்கொண்டு, கைப்பையில் முறுக்குப் பொட்டலத்துடன் கால்பந்து பார்க்கப் போகிறாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் அகப்பட்டுக்கொண்ட விதம்

2003-ல் கல்யாணமாகி டூட்டிங்கில் குடித்தனம் வைத்தேன். விம்பிள்டனுக்கு அடுத்த பேட்டை. தோசைக் கடை உண்டு. முருங்கைக்காய், கறிவேப்பிலை விற்கும் கடை உண்டு. விம்பிள்டனில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. ஆகவே ஊரை விட்டு வந்த ஏக்கம் எனக்கு அதிகமாய் இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட்தான் உயிர். கால்பந்து என்றால், "இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்தா? ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் சண்டை தீர்ந்துபோகுமே!" என்று பழைய ஹாஸ்யத்தையே புதிதாய்ச் சொல்வார்.

அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி. அவர் தபால்காரராயிருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். மாட்ச் நடக்கிற சனிக்கிழமை வந்துவிட்டால் இருவரும் மப்ளர் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி அமைதியாய்ப் புறப்பட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே ஜெயமா தோல்வியா என்று தெரிந்துகொள்ளலாம். அம்மாளின் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

என் மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவச டிக்கெட் இரண்டு கொடுத்தார்கள். அவள் அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். துணைக்கு நான் போனேன். பக்கத்து ஆசனத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே தம்பதிதான். அன்று குளிரில் என் விரல்கள் மரத்துப்போயின. ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. நம் பக்கம் தோற்றும் போயிற்று. ஆனாலும் அந்த அம்மாள் தம் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். நான் முறுக்கு கொடுத்தேன். "அடுத்த சனிக்கிழமை இதைக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டு வாருங்கள்" என்றார். அப்புறம் போகாமல் எப்படி இருப்பது? என் மகள் அவரைப் 'பாட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவரும் அதைத் தம் பெயராகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

இது ஒரு படிக்கட்டு

ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக்குப் பதினொரு பேர். முதல் பாதி 45 நிமிஷம், பின்பாதி 45 நிமிஷம். நடுவில் அடிபட்டு விழுந்தும், ஆள் மாற்றியும் வீணாய்ப்போன நேரத்தைக் கணக்கிட்டு, கடைசியில் நடுவர் சில நிமிஷங்களைக் கூட்டிக் கொடுப்பார். காய்கறிக்காரி கொசுறு போடுவது போல. இந்தக் கொசுறு நிமிஷங்களை மறந்துவிடாதீர்கள். கதை அங்கேதான் முடியப் போகிறது.

இங்கிலாந்தில் கால்பந்துக் குழுக்கள் ஒரு படிக்கட்டில் நிற்கின்றன. உச்சிப் படி பிரீமியர் லீக். கோடி கோடியாய்ப் பணம் புரளும் இடம் அது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நடுராத்திரி விழித்திருந்து டெலிவிஷனில் பார்ப்பது அதைத்தான். அதற்குக் கீழே மூன்று படிகள், படிக்கு 24 குழுக்கள். அவற்றில் கடைசிப் படிக்கு 'லீக் டூ' என்று பெயர். பெயரில்தான் இரண்டு, எண்ணிப் பார்த்தால் நாலாவது! அதற்கும் கீழே ஊருக்கு ஊர், பேட்டைக்குப் பேட்டை, படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. நன்றாக ஆடினால் ஏறலாம். மோசமாக ஆடினால் இறங்க வேண்டும்.

நான் சொல்லப் போகிற ஆட்டம் 2024-ம் வருஷம் மார்ச் 2-ம் தேதி, சனிக்கிழமை நடந்தது. அப்போது எங்கள் குழு அந்த நாலாவது படியில் இருந்தது. எதிர்த்து ஆட வந்தது மில்டன் கீன்ஸ் என்ற ஊரின் குழு. அது வெறும் மாட்ச் அல்ல. ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பழைய குடும்ப வழக்கைக் கேட்க வேண்டும்.

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போன கதை

விம்பிள்டன் ஊருக்கு 1889-லிருந்தே ஒரு கால்பந்துச் சங்கம் உண்டு. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்களுக்கென்று நடந்த கோப்பையை அது 1963-ல் வென்றது. இறுதி ஆட்டத்தில் விம்பிள்டன் போட்ட நாலு கோலையும் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆள், நாலையும் தலையாலேயே, முட்டிப் போட்டார். பாட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. தம் வருங்காலக் கணவரோடு போய் அதைப் பார்த்திருக்கிறார். "கல்யாணம் நிச்சயமானது அன்றுதான்" என்பார்.

பிறகு 1977-ல் பெரிய லீகில் இடம் கிடைத்து, ஒன்பதே வருஷத்தில், 1986-ல், உச்சிப் படிக்கு ஏறிற்று. 1988 மே 14-ம் தேதி வெம்பிளி மைதானத்தில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே லிவர்பூல், அந்த வருஷத்து லீக் சாம்பியன்கள். லாரி சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். லிவர்பூலுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்துவிட்டார். வெம்பிளியில் நடந்த எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தடுத்த முதல் கோல்கீப்பர் அவர்தான். 1-0. கலப்பைச் சந்துக்குக் கோப்பை வந்து சேர்ந்தது.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1989-ல் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் ஏற்பட்டு 97 உயிர்கள் போயின. அதன் பிறகு பெரிய குழுக்களின் மைதானங்களில் எல்லாருக்கும் ஆசனம் வேண்டும் என்று விதி வந்தது. பழைய பிளௌ லேன் அதற்கு லாயக்கில்லை என்று சொல்லி, 1991-ல் சங்கம் வேறொரு குழுவின் மைதானத்துக்கு ஒண்டுக்குடித்தனம் போயிற்று. ஒண்டுக்குடித்தனத்தின் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பத்து வருஷம் அப்படிப் போனபின், சங்கத்தின் முதலாளிகள் ஒரு யோசனை செய்தார்கள். சுமார் 60 மைல் தள்ளி மில்டன் கீன்ஸ் என்று புது நகரம் ஒன்று இருக்கிறது. அங்கே பெரிய குழு கிடையாது. சங்கத்தையே அங்கே கொண்டுபோய்விடலாம்! பக்தர்கள் எல்லாரும் வேண்டாம் என்று கதறினார்கள். விஷயம் மூன்று பேர் அடங்கிய ஒரு விசாரணைக் குழுவிடம் போயிற்று. 2002 மே 28-ம் தேதி, இரண்டு பேர் 'போகலாம்' என்றார்கள்; ஒருவர் 'கூடாது' என்றார். தீர்ப்பு ஆகிவிட்டது.

பக்தர்கள் தாங்களே ஒரு புதுச் சங்கம் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கையில் ஒரு வாசகம் இருந்தது. பாட்டிக்கு அந்த வாசகம் மனப்பாடம். கல்யாணத்தில் யாரோ சொன்ன குத்தல் பேச்சை நாம் நாற்பது வருஷம் மறக்காமல் இருக்கிறோமே, அந்த மாதிரி!

என்ன செய்தார்கள் தெரியுமா? சுமார் ஒரே மாதத்தில், ஜூன் 29-ம் தேதி, ஊர்ப் பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்கள் தேர்வு வைத்தார்கள். 'ஆட விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று அறிவிப்பு. இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். இந்தப் புல்வெளியைப் பற்றி 1968-ல் எலிஸபெத் பெரஸ்போர்டு என்ற அம்மாள் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினார். அதில் 'வாம்பிள்' என்று சில பிராணிகள் வரும். மனிதர்கள் எறிந்துவிட்டுப் போன பொருள்களைப் பொறுக்கிச் சேர்த்து உபயோகமாக்கிக்கொள்வதே அவற்றின் தொழில். எங்கள் குழுவின் கட்சிக்காரர்களுக்கும் அதே பெயர்தான். பொருத்தம் எப்படி, பாருங்கள்!

புதுச் சங்கம் ஒன்பதாவது படியில் தொடங்கிற்று. சொந்த ஊரில் இடமில்லை. கிங்ஸ்டன் பக்கம் கிங்ஸ்மெடோ என்ற மைதானம். முதல் லீக் ஆட்டத்துக்கு அங்கே நாலாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அந்த வருஷம், லண்டனிலேயே இன்னும் ஆடிக்கொண்டிருந்த பழைய சங்கத்துக்கு வந்த சராசரிக் கூட்டத்தைவிட, ஏழு படி கீழே இருந்த புதுச் சங்கத்துக்கு அதிகக் கூட்டம் வந்தது! 2003 தொடங்கி 2004 முடிகிற வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஐந்து தடவை படியேறி, 2011-ல் நாலாவது படிக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதே வருஷம்! இதற்கு ஒரு தனி முதலாளி கிடையாது. பெரும் பங்கு பக்தர்கள் சங்கத்துடையது. பணக்காரரானாலும் தபால்காரரானாலும் ஆளுக்கு ஒரு வோட்டு.

வளையல் போன இடம்

அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய சங்கம் 2003-ல் மில்டன் கீன்ஸ் போய்ச் சேர்ந்து, 2004-ல் பெயரை எம்.கே. டான்ஸ் என்று மாற்றிக்கொண்டது. 'டான்ஸ்' என்பது விம்பிள்டன் குழுவின் செல்லப் பெயர். ஆகையால் இங்குள்ளவர்கள் அந்தப் பின்பாதியை வாயால் உச்சரிக்க மாட்டார்கள். நம் பக்கத்துப் பாட்டிமார் கணவர் பெயரைச் சொல்லாமல் இருந்தது மரியாதைக்காக, இது கோபத்துக்காக! 2007-ல் பழைய கோப்பை, விருதுகளின் உரிமையையெல்லாம் அந்தச் சங்கம் விட்டுக்கொடுத்து, விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டது. சம்பந்தம் முறிந்தபின் சீர்ப் பாத்திரங்கள் திரும்பி வந்த மாதிரி. பாத்திரம் வந்துவிட்டது. வீடு?

பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள் எழும்பிவிட்டன. ஆனால் அதே சந்தில், கூப்பிடு தூரத்தில், நாய்ப் பந்தய மைதானம் ஒன்று மூடப்பட்டது. அந்த நிலத்தில் புது மைதானம் கட்டத் தொடங்கினார்கள். பாதியில் பணம் போதவில்லை. வெளிப் பணக்காரருக்குப் பங்கை விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. பக்தர்கள் வேறு வழி தேடி, 2020 தொடக்கத்தில் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். எவ்வளவு வட்டி வேண்டும் என்பதைக் கடன் கொடுப்பவரே எழுதலாம். ஐம்பது லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது.

அதில் ஆயிரம் பவுன் என்னுடையது. ஒரு ஜோடி வளையலுக்காக வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த பணம். இவரிடம் மறுநாள்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "வட்டி எவ்வளவு எழுதினாய்?" என்று கேட்டார். சொன்னேன். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

அந்த வருஷமே கொரோனா வந்தது. மார்ச் மாதத்திலிருந்து எங்கள் குழுவின் பக்தர்கள் கடை வாசல்களில் தள்ளுவண்டியுடன் நின்று, சாமான் வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கி, இல்லாத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் அரிசியும் பருப்பும் கொண்டுபோய் வைத்தேன். அதுவரை கேலி செய்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் ஒரு மாலை காரை எடுத்துக்கொண்டு போய் மூட்டை இறக்கிவிட்டு வந்தார். கால்பந்துக்காக இல்லையாம், பெட்ரோல் வீணாகக் கூடாதாம்!

நவம்பர் 3-ம் தேதி புது பிளௌ லேனில் முதல் ஆட்டம். 29 வருஷம் கழித்து வீடு திரும்பிய நாள். ஆனால் தொற்று நோய்ச் சட்டப்படி யாரும் உள்ளே போகக்கூடாது. கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரர்களே போக முடியவில்லை! டான்காஸ்டர் குழுவோடு 2-2 என்று ஆடியதைப் பாட்டி எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என் மகள் உரக்கச் சொல்லச் சொல்லக் கேட்டார். அவர் கணவர் கேட்கவில்லை. 2018-லேயே காலமாகிவிட்டார்.

பாட்டியின் சபதம்

மில்டன் கீன்ஸ் குழுவோடு ஆட்டம் என்றால் பாட்டி போகமாட்டார். 2012 டிசம்பரில் அந்த ஊரிலேயே இரு குழுக்களும் முதல் தடவை மோதின. கொசுறு நேரத்தில் குதிகாலால் தட்டிய ஒரு கோலில் எங்கள் பக்கம் 2-1 என்று தோற்றது. அன்றும் இருவரும் போகவில்லை, வானொலியைக்கூட அணைத்துவிட்டார்களாம். "அவர்களோடு ஒரே கூரையின் கீழ் உட்காருவதில்லை" என்று கணவர் சொன்னார். மனைவியும் அதைக் கடைப்பிடித்தார். நம் ஊரில் பங்காளி வீட்டுப் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்பார்களே, அதேதான்.

2024 மார்ச் 2-ம் தேதி காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பாட்டி. கழுத்தில் மப்ளர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அவருடையது, மற்றது நூல் பிரிந்த பழையது.

"எனக்கு எழுபத்தொன்பது ஆகிறது" என்றார். "நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். ஆட்டம் நடப்பது என் வீட்டில். வருகிறவர்கள் விருந்தாளிகள். வீட்டுக்காரி எதற்காக ஒளிந்துகொள்ள வேண்டும்?"

டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று நான் திகைத்தேன். என் மகள் ஒன்றும் பேசாமல் தன்னுடையதை எடுத்து நீட்டினாள். அவளுக்குப் பதினாறு வயது. ஒரு மாதமாக அந்த ஆட்டத்தைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு அவளுடைய தோழி ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்க்கும் இடத்தில் ஓர் இடம் கிடைத்தது. பிள்ளையார் கைவிடவில்லை.

ஆட்டம்

கேரட் லேன் வழியாக நடந்தோம். பாட்டிக்காக மெதுவாய். வழியெல்லாம் நீலமும் மஞ்சளும். பிளௌ லேன் முனையில் போலீஸ்காரர்கள் வழக்கத்தைவிட அதிகம். மைதானத்தின் உள்ளே வாம்பிள் வேஷம் போட்ட ஹேடன் குழந்தைகளோடு கை குலுக்கிக்கொண்டிருந்தது. படியேறி ஆசனத்துக்கு வந்ததும் பாட்டி அந்தப் பழைய மப்ளரை எடுத்துத் தம் மடியில் மடித்து வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சின்னக் குழுவின் மைதானத்தில் ஒரு சௌகரியம், ஆட்டக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். வரிசையில் உள்ளவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள். யார் மகனுக்கு வேலை கிடைத்தது, யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுவோம். அன்று அந்தப் பேச்சு இல்லை. எல்லார் கண்ணும் எதிரே விருந்தாளிகள் கூடியிருந்த பகுதியின் மேல் இருந்தது.

பட்டியலில் அவர்கள் நமக்கு மேலே. எனவே தோற்றால் ஆச்சரியமில்லை. ஆனால் தாங்க முடியாது. முதல் பாதி முடிந்தது. கோல் இல்லை. நான் முறுக்கை எடுத்தேன். கடிக்கிற சத்தம் எனக்கே பெரிதாய்க் கேட்டதால் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டேன். பின்பாதி தொடங்கிற்று. அறுபதாவது நிமிஷம், எழுபது, எண்பது. கோல் இல்லை. பின்னாலிருந்த பெரியவர் ஒருவர், "டிரா என்றால் மோசமில்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். தீபாவளிச் சீட்டில் பணம் போனபின் 'அசலாவது வந்ததே' என்கிற குரல் அது.

தொண்ணூறு நிமிஷம் ஆயிற்று. கொசுறு நேரம் ஆரம்பமாயிற்று. நான் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டேன். 2012-ல் கொசுறு நேரத்தில் போன ஆட்டம்தான் ஞாபகம். 'சுவாமி, டிராவே போதும்.'

94-வது நிமிஷம்.

பந்து எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணைத் திறந்தபோது முன் வரிசை முழுவதும் எழுந்து நின்றது. அவர்கள் தோள்களுக்கு நடுவே வலை அசைவதுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு சத்தம். தேர் நிலைக்கு வரும்போது எழுமே, அந்தச் சத்தம். போட்டவர் ரோனன் கர்ட்டிஸ் என்ற அயர்லாந்து இளைஞர். முழங்காலில் பலத்த காயம் பட்டு நெடுநாள் ஆட முடியாமல் இருந்து, சில வாரங்களுக்கு முன்புதான் இந்தக் குழுவில் சேர்ந்தவர். யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். நானும் யாரையோ கட்டிக்கொண்டேன். ஊரில் என் மாமியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பாட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த மப்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர் கடைசி விசிலை ஊதினார். 1-0. அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "டீ ஆறிப்போயிருக்கும்" என்றார். ஊற்றினேன். ஆறித்தான் போயிருந்தது. இருவரும் அதைக் குடித்தோம். அந்த மாதிரி டீயை நான் குடித்ததே இல்லை.

திரும்பும் வழி

கூட்டம் கலைய நேரமாயிற்று. சாலை முனையில் மில்டன் கீன்ஸ் குழுவின் மப்ளர் கட்டிய ஒரு சிறு பையன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். ஏழு வயதிருக்கும். பாட்டி நின்றார். என்னிடம் கை நீட்டினார். முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் அவனிடம் குனிந்து, "இதைக் கடித்துக்கொண்டே அழ முடியாது, முயன்று பார்" என்றார். பையன் தகப்பனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். ஒன்றை எடுத்துக்கொண்டான்.

என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டி! அவன் அந்த ஊர்!" என்றாள்.

"தெரியும். இவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நடந்த காரியத்துக்கு இவனா ஜவாப்? இவனுக்கு அதுதான் வீடு" என்றார் பாட்டி. கொஞ்ச தூரம் நடந்தபின், "ஆனாலும் ஜெயித்தது நல்லதுதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நான் வேண்டுமென்றே, "கடைசி நிமிஷத்தில் ஒரு கோல்" என்றேன். "கடைசி நிமிஷம் என்ன? தொண்ணூற்று நாலு!" என்று சட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம், 2025 மே 26-ம் தேதி, வெம்பிளியில் வால்சால் குழுவை 1-0 என்று ஜெயித்து எங்கள் குழு மூன்றாவது படிக்கு ஏறிற்று. அன்று எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் நாலு பேர். நாலாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் வீணாகக் கூடாதல்லவா?

வளையல் இன்னும் வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்த நாத்தனார் என் கையைப் பார்த்து, "என்ன, மொட்டைக் கையாய் இருக்கிறாய்?" என்று கேட்டாள். அவளைக் கலப்பைச் சந்துக்கு அழைத்துக்கொண்டு போய் மைதானத்தைக் காட்டினேன். "இதில் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது என் வளையல்" என்றேன். "கையில் போட்டுக்கொண்டால் நாலு பேர் பார்ப்பார்கள். இங்கே ஒன்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்!"